பள்ளிக்கூடமா, பட்டறையா?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பஞ்சப்படி, போனஸ், கூலி உயர்வு இவைதான் வழக்கமாக நமது மேடைகளில் பேசப்படுகிற விஷயங்கள். இன்று நாம் எடுத்துக்கொள்வது நம் வீட்டுத் திண்ணையில் நடக்கிற ஒரு பேச்சு. கடைசியில் இதுவும் கூலியைப் பற்றிய பேச்சுத்தான் என்பதை நீங்களே காண்பீர்கள்.

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஜூன் மாதம் திறப்பார்கள். அதற்குள் நம்முடைய வீடுகள் பலவற்றில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். "பையன் எட்டாவது முடித்துவிட்டான். படிப்பு ஏறவில்லை. லேத் பட்டறையில் விட்டால் நாலு காசு வரும், தொழிலும் பிடிபடும்" என்பார் தகப்பனார். "பெண்ணும் பெரியவளாகிவிட்டாள். மில் ஹாஸ்டலில் மூன்று வருஷம் இருந்து வந்தால் கல்யாணச் செலவுக்கு ஆகும்" என்பார் தாயார். பக்கத்து வீட்டுக்காரரும் "ஆமாம், படித்தவனெல்லாம் என்ன கிழித்துவிட்டான்?" என்று ஒத்து ஊதுவார். முடிவாகிவிடும். ஜூன் மாதம் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது அந்தப் பையன் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டிக்கொண்டிருப்பான்.

இந்த முடிவை எடுக்கிற பெற்றோரைத் திட்டுவதற்காக நாம் இங்கே வரவில்லை. திட்டுவது சுலபம். வயிறு நிறைந்தவர்கள் அதைத் தாராளமாகச் செய்கிறார்கள். இந்த முடிவு எங்கிருந்து பிறக்கிறது, இதனால் யாருக்கு லாபம், நாம் இதை எப்படி மாற்றுவது என்பதே நமது கேள்வி.

முதலாளி மகன் ஏன் போவதில்லை?

கைத்தொழில் நல்லது, சிறு வயதிலேயே தொழில் பழகினால் வாழ்க்கையில் முன்னுக்கு வரலாம் என்று உபதேசம் செய்கிறார்கள். நல்லது. அப்படியானால் மில் முதலாளி தன் மகனை எட்டாவதோடு நிறுத்தி ஸ்பின்னிங் கணக்கில் சேர்க்கிறாரா? நூறு ஏக்கர் மிராசுதார் தன் மகனை மாடு மேய்க்க விடுகிறாரா? இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாவிட்டால் டியூஷன் வைக்கிறார்கள். அதிலும் ஏறாவிட்டால் பணம் கட்டி வேறு கல்லூரியில் இடம் வாங்குகிறார்கள். "படிப்பு ஏறவில்லை" என்ற தீர்ப்பு ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் அமலாகிறது.

ஆகவே, பிள்ளைக்குத் தொழிலில் ஆசை என்பது பல வீடுகளில் பிற்பாடு சொல்லப்படுகிற சமாதானம். வீட்டில் அரிசி இல்லை என்பதே முதல் காரணம். தகப்பனார் பதிலியாக வேலை செய்கிறார். மாதத்தில் பாதி நாள் வேலை கிடைக்காமல் கேட்டிலிருந்து திரும்புகிறார். நடவும் அறுப்பும் போக மற்ற மாதங்களில் தாயாருக்கு வேலையில்லை. தாத்தாவுக்கு வைத்தியச் செலவு, கைமாற்று வாங்கியதற்கு வட்டி. இந்த வீட்டில் பதினான்கு வயதுப் பையன் கொண்டுவரும் கூலி ஒரு பெரிய தொகை. அதை விட்டுக்கொடு என்று சொல்பவன், அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் சொல்ல வேண்டும்.

லங்காஷயர் கற்ற பாடம்

நம்முடைய பஞ்சாலைகளுக்கு முன்னோடி இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள். அங்கேயும் இதே பிரச்னை இருந்தது. 1833-ஆம் வருஷத்து ஃபாக்டரி சட்டம், ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாளைக்கு இரண்டு மணி நேரமாவது பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்றது. 1844-ல் வந்த சட்டம் அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளிக்கூடம் என்ற முறையைக் கொண்டுவந்தது. இவர்களுக்கு "அரை நேரப் பிள்ளைகள்" என்றே பெயர்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தொழிலும் ஆயிற்று, படிப்பும் ஆயிற்று! ஆனால் நடந்தது என்ன? விடியற்காலையில் ஆலைக்குப் போய் நூல் இழை முடிந்துவிட்டு, மத்தியானம் வகுப்புக்கு வந்த குழந்தை பலகையில் தலை வைத்துத் தூங்கியது. உபாத்தியாயர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்தார்கள். அரைப் படிப்பு படிப்பாகவே இல்லை. ஆலையில் கற்ற தொழிலோ இழை முடிவதும் தரை கூட்டுவதும். வளர்ந்தபின் அந்த வேலைக்கு அவன் தேவையில்லை. அவனைவிடச் சின்னப் பிள்ளை வந்துவிடுவான்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. இந்த முறையை ஒழிக்கலாம், வயதை உயர்த்தலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் முதலாளிகள் மட்டும் எதிர்க்கவில்லை. பஞ்சாலைத் தொழிலாளர்களிலேயே பெரும்பாலோர் எதிர்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலும் அவர்கள் அப்படித்தான் வாக்களித்தார்கள். பிள்ளைகள் மேல் பாசம் இல்லாமலா? பிள்ளையின் கூலி வீட்டு வரவு செலவில் சேர்ந்துவிட்டது. அதை எடுத்தால் குடும்பம் ஆடிப்போகும் என்ற பயம். கடைசியில் 1918-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம்தான் அரை நேர முறைக்கு முடிவு கட்டியது.

இது எதைக் காட்டுகிறது? பிள்ளை வேலைக்கு வந்தால், பிள்ளையின் கூலியையும் கணக்கில் வைத்துத்தான் தகப்பனுடைய கூலியை முதலாளி நிர்ணயிக்கிறான். ஒரு குடும்பம் பிழைக்க முன்பு ஒருவர் உழைத்தால் போதும் என்ற இடத்தில் மூவர் உழைக்க வேண்டியதாகிறது. மூவரும் சேர்ந்து கொண்டுவருவது பழைய ஒருவர் கூலிதான். பிள்ளையின் கூலி குடும்பத்துக்குக் கூடுதல் வரவு என்று நாம் நினைக்கிறோம். வாஸ்தவத்தில் அது நம்முடைய கூலியிலிருந்தே வெட்டி எடுத்துக் கொடுக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1881-ஆம் வருஷத்து முதல் ஃபாக்டரி சட்டம் ஏழு வயதுக் குழந்தையை ஆலையில் வைத்து நாளைக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. 1891-ல் வயது ஒன்பதாயிற்று. 1922-ல் பன்னிரண்டு. சுதந்திரத்துக்குப் பின் 1948-ல்தான் பதினான்கு. ஒவ்வொரு வயதும் போராடிப் பெற்றது. ஏழு வயதில் ஆலைக்குப் போன பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தாம் நாம்.

மூன்று மணி நேரப் பள்ளிக்கூடம்

நம் சென்னை ராஜ்யத்திலேயே நடந்த ஒரு சம்பவத்தை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1953-ல் முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைத்தார். பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, காலையில் ஒரு பிரிவு, பிற்பகலில் ஒரு பிரிவு. மீதி நேரத்தில் பையன் தகப்பனார் செய்யும் தொழிலைப் பழக வேண்டும். பெண் வீட்டு வேலை பழக வேண்டும். இருக்கிற பணத்தையும் உபாத்தியாயரையும் வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது அவருடைய வாதம்.

காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைப் பற்றிப் பேசியது. ஆனால் அது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தொழில் மூலம் பாடம் சொல்லும் ஏற்பாடு. 1953-ஆம் வருஷத்துத் திட்டமோ பிள்ளையை வெளியே அனுப்பி, அவனவன் அப்பன் தொழிலைப் பார் என்றது. இரண்டையும் ஒன்று என்று சொல்வது தவறு.

யோசித்துப் பாருங்கள். குயவர் மகனுக்குச் சக்கரம் இருக்கிறது. தச்சர் மகனுக்கு உளி இருக்கிறது. பண்ணையாள் மகனுக்கு என்ன இருக்கிறது? அவன் தகப்பனாருடைய "தொழில்" மிராசுதாருக்கு ஏர் பிடிப்பது. ஆகவே மகன் மிராசுதாரின் மாட்டை ஓட்டிக்கொண்டு போவான். மலம் அள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டவரின் மகன் எதைப் பழகுவான்? மூன்று மணி நேரம் படிப்பு, ஆயுள் முழுவதும் அதே சேரி, அதே வேலை. "குலக்கல்வித் திட்டம்" என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தது இதனால்தான்.

பெரியாரின் திராவிடர் கழகம் எதிர்த்தது. தி.மு.க. எதிர்த்தது. கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1953 ஜூலையில் சட்டசபையில் திட்டத்தைக் கைவிடும் தீர்மானத்துக்கு வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் முதலமைச்சரானார். அதே வருஷம் திட்டம் கைவிடப்பட்டது.

காமராஜ் யார்? சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாமாவின் ஜவுளிக் கடையில் நின்றவர். "நான் படிக்காமலே முன்னுக்கு வரவில்லையா?" என்று அவர் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கவில்லை. பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று பார்த்தார். பசி என்று தெரிந்தது. 1956-ல் மதிய உணவு வந்தது. ஊர் ஊராகப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. உபதேசத்தால் வராத பிள்ளை, சோறு கிடைத்ததும் வந்தது. பிரச்னையின் வேர் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

"படித்தவன் என்ன கிழித்தான்?"

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. இன்ஜினீயர் படிப்பு படித்த பிள்ளை மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகிறான். கடன் வாங்கிப் படிக்கவைத்த பெண் ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்கிறாள். பார்க்கிற தகப்பனாருக்கு மனம் விட்டுப்போகத்தான் செய்யும்.

ஆனால் வேலையில்லாத் திண்டாட்டத்துக்குக் காரணம் படிப்பு அல்ல. வேலை குறைவாக இருக்கும்போது வரிசை நீளமாகிறது. அந்த நீளமான வரிசையில் எட்டாவது படித்தவன் எங்கே நிற்பான்? கடைசியில். படித்தவன் அரைச் சம்பளத்துக்கு வேலை செய்கிறான் என்றால், படிக்காதவனுக்கு மிஞ்சுவது கால் சம்பளம்.

கோவைத் தோழர்கள் இன்னொரு உதாரணம் சொல்வார்கள். ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்தானே, மோட்டாரும் ரேஸரும் செய்யவில்லையா என்பார்கள். செய்தார். மகா புத்திசாலி. ஏட்டுச்சுரைக்காய் படிப்பை அவர் கடுமையாகத் தாக்கியதும் நியாயம்தான். ஆனால் அந்த நாயுடுவே என்ன செய்தார்? 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விநிலையம் ஏற்பட முன்னின்றார். இளைஞர்களுக்கு மெஷினைக் கையில் கொடுத்து முறையாகச் சொல்லித்தர வேண்டும் என்றார். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். மேலும், படிப்பை விட்டு ஜெயித்த ஒருவர் பெயரை ஊரே அறியும். விட்டுத் தோற்ற ஆயிரம் பேர் பெயர் மஸ்டர் ரோலில்கூட இல்லை.

கைத்தொழிலுக்கே கணக்கு வேண்டும்

கைத்தொழிலைக் கேவலமாக நினைக்கிறவர்கள் நாம் அல்ல. இந்த உலகத்தை நிறுத்தி வைத்திருப்பது கை உழைப்புத்தான். சில பிள்ளைகளுக்குப் புத்தகத்தைவிட மெஷினில்தான் மனம் ஒட்டும். அது நல்ல குணம். அதற்கு வழி வேண்டும். ஆனால் எட்டாவதோடு நின்றால் அந்தத் தொழிலையே முழுதாகக் கற்க முடியாது. இதுதான் நாம் இன்று அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம்.

நாற்பதாம் நம்பர் நூல் என்று தினமும் சொல்கிறோம். அதற்கு என்ன அர்த்தம்? 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் நாற்பது சிட்டம் இருந்தால் அது நாற்பதாம் நம்பர். அதாவது ஒரு பவுண்டில் 33,600 கெஜம். இந்தப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவன்தான் முறுக்கு எவ்வளவு, எந்தப் பல்சக்கரம் மாற்ற வேண்டும் என்று சொல்ல முடியும். அவனுக்குப் பெயர் பிட்டர். தெரியாதவன் பிட்டருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். இருவரும் ஒரே மெஷினடியில்தான் நிற்கிறார்கள். சம்பளம் ஒன்றல்ல. இன்றைய மெஷின்களில் பல, கம்ப்யூட்டர் திரையோடு வருகின்றன. கோளாறு என்றால் திரையில் எழுத்து வரும். படிக்கத் தெரிந்தவன் கையில்தான் மெஷின் அடங்கும்.

வயலிலும் அப்படியே. ஒரு ஏக்கர் அறுப்பு 4,000 ரூபாய் என்று பேசினோம் என்று வைத்துக்கொள்வோம். வயலோ ஒரு ஏக்கர் முப்பத்தைந்து சென்ட். "ஒரு ஏக்கர்தான்" என்று நிலத்துக்காரர் கணக்கு முடித்தால் நம் ஜமாவுக்கு 1,400 ரூபாய் நஷ்டம். நூறு நாள் வேலை என்று நாம் சொன்ன 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், வெட்டிய மண்ணை நீளம், அகலம், ஆழம் பார்த்துக் கன மீட்டரில் அளந்து கூலி போட்டார்கள். அளவு நோட்டைப் படிக்கத் தெரிந்த பெண்கள் இருந்த ஊரில் கேள்வி கேட்டார்கள். தெரியாத ஊரில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

பட்டறையில் விட்ட பையன் என்ன கற்கிறான்? முதல் வருஷம் டீ வாங்கிவருகிறான், தரை கூட்டுகிறான். இரண்டாம் வருஷம் சாமான் எடுத்துக் கொடுக்கிறான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் "கைமடி" என்று ஒரு வேலை உண்டு. டெய்லர் தைக்கத் துணியை மடித்து நீட்டுவது. வருஷக்கணக்கில் கைமடியாகவே இருந்து வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். கற்றுக்கொடுப்பது முதலாளிக்கு நஷ்டம், எடுபிடி வேலை வாங்குவது லாபம். ஆகவே லாபமானதைத்தான் அவன் செய்வான்.

சட்டத்தில் ஒரு பள்ளம்

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரைதான் உரிமை கொடுக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது, 2016-ல் திருத்தப்பட்டது. பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஆனால் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம். குடும்பம் என்றால் தாய், தகப்பன் மட்டுமா? மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி எல்லோரும் அதில் அடக்கம். 1953-ல் முன்வாசல் வழியாக வந்து துரத்தப்பட்டது, 2016-ல் கொல்லை வாசல் வழியாக எட்டிப்பார்க்கிறது.

பதினான்கிலிருந்து பதினெட்டு வரை? சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான வேலைகளில் மட்டும் தடை. அதாவது எட்டாவது முடிந்த அன்று படிப்பு உரிமை முடிகிறது, வேலைக்கு வழி திறக்கிறது. இந்த நாலு வருஷம்தான் பள்ளம். நம் பிள்ளைகள் விழுவது இந்தப் பள்ளத்தில்தான்.

பெண்பிள்ளைகள் விழுந்த பள்ளத்துக்கு "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமான பெயர் வைத்தார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குத் தெற்கத்திக் கிராமங்களிலிருந்து பெண்களைக் கூட்டிவந்தார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்து வேலை செய்தால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் மொத்தமாகத் தருவோம் என்றார்கள். பெயர் அப்ரண்டிஸ், வேலை முழு வேலை. நோயில் விழுந்து இடையில் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை. அந்தப் பணம் யாருடையது? மாதாமாதம் அவள் கையில் கொடுத்திருக்க வேண்டிய கூலி. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கல்யாணச் சீர் என்று பெயர் சூட்டினார்கள்.

அப்ரண்டிஸ் என்ற சொல்லையும் புரிந்துகொள்ள வேண்டும். 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல. தொழிற்சங்கச் சலுகை, போனஸ் எதுவும் இல்லை. பயிற்சி முடிந்ததும் அவனுக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. நிஜமான பயிற்சி என்றால் ஒப்பந்தப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பத்திரம் இல்லாத அப்ரண்டிஸ், குறைந்த கூலிக்கு வைத்த ஆள். 2019-ல் விதிகளைத் திருத்தியபோது ஐந்து முதல் ஒன்பதாவது வரை படித்தவருக்கு மாதம் குறைந்தது 5,000 ரூபாய், பத்தாவது படித்தவருக்கு 6,000, டிப்ளமா படித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று உதவித்தொகை வைத்தார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் சர்க்கார் விலை போட்டிருப்பதைப் பாருங்கள்!

எட்டுக்கும் பத்துக்கும் நடுவே

இனி, செய்ய வேண்டியது என்ன?

முதலில், பத்தாவது என்ற கோட்டைத் தாண்டவைக்க வேண்டும். ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் எட்டாவது படித்தவனுக்கும் இடம் உண்டு. வெல்டர், ஒயர்மேன் போன்ற சில பிரிவுகளில் சேரலாம். ஆனால் பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன் ஆகிய இரண்டு வருஷப் பிரிவுகளுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். பத்தாவதுக்குப் பின் இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். டிப்ளமா முடித்தவன் இன்ஜினீயரிங் கல்லூரியில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். ரயில்வேயில் துணை எஞ்சின் டிரைவர் வேலைக்குப் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். எட்டாவதோடு நின்றவனுக்கு இந்த ஏணியின் படிகள் எட்டாது. அந்த இரண்டு வருஷம்தான் ஏணிக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம்.

சர்க்கார் ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் இல்லை. சர்க்கார் பள்ளியில் படித்து மேலே போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. பையன்களுக்கும் 2024-ல் தொடங்கியது. இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். தருமம் என்று நினைத்துக் கூச வேண்டாம். நாம் வாங்கும் ஒவ்வொரு தீப்பெட்டியிலும் சோப்பிலும் கொடுத்த வரிப்பணம் அது.

இரண்டாவது, "படிப்பு ஏறவில்லை" என்ற பேச்சை அப்படியே ஏற்கக் கூடாது. ஏன் ஏறவில்லை? எட்டு வருஷம் போய்வந்த பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறினால், பள்ளிக்கூடம் என்ன செய்தது? உபாத்தியாயர் இடம் காலியா? ஜாதி சொல்லி ஒதுக்கினார்களா? பெண்பிள்ளைக்குக் கழிப்பறை இல்லையா? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அங்கே போய் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பத்தாவதில் தோற்ற பிள்ளைக்கு உடனே துணைத் தேர்வு உண்டு. நின்றுபோன பிள்ளையும் தனித்தேர்வராக எழுதலாம். ஒரு பரீட்சையில் தோற்றது ஆயுள் தண்டனை ஆகாது.

மூன்றாவது, சங்கத்தின் கடமை. தகப்பனுக்கு வருஷம் முழுவதும் வேலையும் வாழத் தகுந்த கூலியும் கிடைத்தால் பிள்ளையை யாரும் பட்டறைக்கு அனுப்பமாட்டார்கள். ஆகவே பதிலிகளை நிரந்தரமாக்கு என்ற கோரிக்கை பிள்ளையின் படிப்புக்கான கோரிக்கையும்தான். விவசாயத் தொழிலாளிக்கு வேலையில்லாக் காலத்தில் வேலை கொடு என்பதும் அப்படியே. கல்வி உரிமையைப் பதினெட்டு வயதுவரை நீட்டு, ஒவ்வொரு தாலுகாவிலும் சர்க்கார் ஐ.டி.ஐ.யும் ஹாஸ்டலும் திற, பயிற்சிக் காலத்தில் வயிறு நிறையும் உதவித்தொகை கொடு, பத்திரமில்லாமல் அப்ரண்டிஸ் வைக்கும் ஆலை மேல் நடவடிக்கை எடு என்ற கோரிக்கைகளையும் கோரிக்கைச் சாசனத்தில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, நாளைக்கே செய்யக்கூடியது. ஒவ்வொரு லைன் வீட்டிலும், ஒவ்வொரு தெருவிலும் இந்த வருஷம் எட்டு, ஒன்பது, பத்தாவது எழுதிய பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜூன் மாதத்துக்கு முன்னால் இரண்டு இரண்டு பேராக அந்த வீடுகளுக்குப் போங்கள். "அண்ணே, பையனை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். கஷ்டத்தைச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். நோட்டுப் புத்தகத்துக்குப் பணமில்லை என்றால் சங்க நிதியிலிருந்து கொடுப்போம். ஐ.டி.ஐ. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதென்றால் நம் இளைஞர்கள் நிரப்பித் தருவார்கள். முன்னமே நின்றுபோன பிள்ளைகளுக்குச் சங்க அலுவலகத்தில் இரவுப் பாடம் வைப்போம். விளக்கு எரிகிற இடம் நம்மிடம் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கப் படித்த பிள்ளைகளும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

தோழர்களே! நம் பிள்ளை பிட்டராகட்டும், டர்னராகட்டும், டிராக்டர் ஓட்டட்டும். நமக்கு அதில் பெருமைதான். ஆனால் அதை அவனே தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். தொழிலை முறையாகக் கற்று, கையில் சான்றிதழோடு, கூலிச் சீட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனாக அவன் ஆலைக்குள் நுழையட்டும். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. பெயர் எழுதும் நோட்டை இந்தக் கூட்டத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.